ஏறுகிறவர்களுக்கு

எங்கள் பக்கத்தில்
ஆளையும் சைக்கிளையும் ஆற்றைக் கடத்துகிற மிதவைக்கும்
பாதை என்றுதான் பெயர்.
ஆகவே மார்கழியில் வந்தால்
குடும்பிமலைக்குப் பாதை தண்ணீரின் மேல் தொடங்கும்.
பங்குனியில் வந்தால் புழுதிதான்.

சித்திரைக்குப் பிறகு வராதீர்கள், கல் சுடும்.
வந்தே தீருவோம் என்றால்
விடிய நாலரைக்குப் புலிபாய்ந்தகல்லில் நில்லுங்கள்.
ஒற்றை லைட்டோடு ஒரு ஆட்டோ வரும்.
அழகையா என்று கூப்பிடலாம்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று போத்தல்.
பையை ஸிப் போட்டு மூடுங்கள்,
குரங்குக்கு முடிச்சவிழ்க்கத் தெரியும்,
ஸிப் இன்னும் பழகவில்லை.
சென்ட் பூசாதீர்கள், பாறை இடுக்கில் தேன் வதை இருக்கிறது.
பட்டி மாடு குறுக்கே வந்தால் ஹோன் அடிக்கக் கூடாது,
பால்காரன் வரும் நேரம் உங்களைவிட அதற்குத் தெரியும்.
யானை லத்தியைக் கண்டால் நான் குனிந்து தொட்டுப் பார்ப்பேன்.
சூடு இருந்தால்
அன்றைக்கு மலை இல்லை.
தரவைக் குளக்கட்டில் இருந்து சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுத்
திரும்புகிறோம். பாதிக் காசு தந்தால் போதும்.

ஆனியில் பாலை பழுக்கும்,
கரடி மரத்திலிருக்கும்.
பேசிக்கொண்டே நடவுங்கள், என்ன பேச்சென்றாலும் சரி.
போன வருடம் கல்முனை வங்கிக்காரர் எட்டுப் பேர்
மலையடி மட்டும் வட்டிவீதம் பேசி வந்தார்கள்.
ஒரு கரடியும் கிட்ட வரவில்லை.

கடைசிப் பாறை, அதுதான் குடும்பி.
அதன் அடியில் நான் நின்றுவிடுவேன்,
செருப்புக்கும் பைகளுக்கும் காவல்.
"நீங்க வரல்லையா அண்ணன்?"
"முழங்கால்" என்பேன்.
முழங்காலில் ஒன்றுமில்லை.

மாடு மேய்த்த வயதில்
இந்த மலையை நிமிர்ந்து பார்த்தவனை
என்னத்தை எண்ணுகிறாய் என்று
மேலே இருந்தவர்கள் கேட்டார்கள்.
மறுகா வேறு ஆட்கள் மேலே இருந்தார்கள்.
கேள்வி அதேதான்.
குனிந்து நடந்து பழகிவிட்டேன்.
தடமும் லத்தியும் இவ்வளவு தெரிந்தது
அப்படித்தான்.

ஆடியில் ஒரு ஞாயிறு
சஞ்சுதன் என்ற பொடியன்
மேலே போனை வைத்துவிட்டு இறங்கிவந்தான்.
கால் பிசகி, இனி ஏற ஒண்ணாது.
கூட வந்தவர்கள் ஆட்டோவை நோக்கிப் போய்விட்டார்கள்.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் செருப்பைக் கழற்றினேன்.

கயிறு முடிகிற இடத்தில் ஒரு வேர் இருக்கிறது, பிடிக்கலாம்.
வேர் முடிகிற இடத்தில்
ஒன்றுமில்லை, கையை ஊன்றி ஏற வேண்டும்.
இதை இத்தனை வருடம்
யாருக்கும் நான் சொல்லவில்லை.
எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

கீழே ஒரு கோடும் வராத சிக்னல்
மேலே நாலு கோடு.
போன் அடித்துக்கொண்டு கிடந்தது.
வெடித்த கண்ணாடிக்குள் 'அம்மா'.

"ஏறிட்டியா மனே?"

என் பிள்ளை இல்லை, வேறு ஆள் என்று
சொல்லியிருக்க வேண்டும். காற்று.
"ஓம்" என்றேன்.
"என்னடா தெரியுது?"

குளம் தெரிந்தது, அறுத்த வட்டை தெரிந்தது,
அங்கால் நகம் கீறின மாதிரிக் கடல்.
இவ்வளவு பக்கத்திலா கடல்?
கீழே ஒரு பட்டி, கொட்டின எள்ளுப்போல.
அதற்குப் பின்னால் ஒரு ஆள்,
குனிந்தபடி.
கூப்பிடலாம் போலிருந்தது.
கேட்காது, அவ்வளவு தூரம்.

"எல்லாம் தெரியுது" என்றேன்.
"தொண்ட கட்டியிருக்கு உனக்கு,
தண்ணியக் குடி" என்று வைத்துவிட்டாள்.

என் போத்தல் கீழே, செருப்புக்குப் பக்கத்தில்.

ஆகவே முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்ளுங்கள்.
தண்ணீர் ஆளுக்கு மூன்று,
மேலே கொண்டுவர இன்னொன்று.
நானும் வருகிறேன்.